பாதை என்று மாற்றியது நான்தான்

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் நடந்து போகிற வழி மட்டும் இல்லை. இரும்புப் பீப்பாய்களின் மேல் பலகை அடித்து, கடலோரக் களப்பின் இரண்டு கரைக்கும் நடுவே கட்டிய கம்பியைக் கையால் பிடித்து இழுத்தபடி, ஆட்களையும் சைக்கிள்களையும் சில வேளை ஒரு பசுமாட்டையும் அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். "பாதை வந்திட்டுதோ?" என்று நாங்கள் கேட்டால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். பாதை எப்படி வரும், நாங்கள்தானே அதில் போகவேண்டும் என்பார்கள். எங்கள் ஊரில் அது வரும். மார்கழிப் பனியில் எதிரே எதுவும் தெரியாமல் நிற்கும்போது கம்பி உரசுகிற சத்தம் முதலில் வரும். பிறகு ஒரு விளிம்பு. அதற்குப் பிறகுதான் அதில் நிற்கிற ஆட்கள்.

எனக்கு அதில் பயம். பள்ளிக்கூடத்துக்குப் போக வேறு வழி இல்லாததால் பத்து வருடம் அதில் போனேன். பாலம் திறந்த அன்று ஊர் முழுக்க வெடி கொளுத்தியது. இனி அந்தப் பலகையில் கால் வைக்கத் தேவையில்லை என்று நான் மனதுக்குள் தேவமாதாவுக்கு நன்றி சொன்னேன். மூன்று வருடம் கழித்து, அந்தப் பாலத்தின் மேல் ஓடப்போகிற ஒரு பஸ்ஸின் பெயரில் பாதை என் மேசைக்கு வந்தது.

நான் திருகோணமலை நகரில் ஒரு அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்போது போக்குவரத்துப் பிரிவில் இருந்தேன். பஸ் சேவையை யார் நடத்துவது என்று விண்ணப்பம் கோரும் கேள்விப்பத்திரம் தயாரிப்பது என் வேலை. தயாரிப்பது என்பது கொஞ்சம் பெருமையான சொல். போன தடவை வேறு ஊருக்குப் போட்ட பத்திரத்தைக் கணினியில் திறந்து, ஊரின் பெயரையும் திகதியையும் மாற்றி, அச்செடுத்துக் கோப்பில் வைப்போம். "புதுசா ஒண்டும் யோசிக்காதீங்கோ பிள்ளை, யோசிச்சாத்தான் பிழை வரும்" என்பார் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பான சேர்.

கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதத்தில் எங்கள் ஊருக்கே அந்தப் பத்திரம் போடவேண்டி வந்தது. எங்கள் கரைப் பிள்ளைகளைப் பாலத்தால் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிச் செல்லும் பஸ் சேவை. தை மாதம் என் மகள் முதலாம் ஆண்டுக்குப் போகிறாள், அவளும் அதில்தான் ஏறப்போகிறாள். இதைச் சேரிடம் சொல்லவேண்டுமா, சொன்னால் பெரிதுபடுத்துவது போல இருக்குமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் சொன்னேன். "நல்லது, அப்ப ஊரின்ரை பேர் பிழைக்காது" என்று விட்டுவிட்டார்.

அந்தப் பத்திரத்தில் தகைமை நிபந்தனை ஒன்று இருந்தது. விண்ணப்பிப்பவர், 'குறித்த பாதையில் பயணிகளை ஏற்றிச் செல்வதில் ஐந்து வருடங்களுக்குக் குறையாத அனுபவம் உடையவராக இருத்தல் வேண்டும்.'

இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவர் நகரத்தில் பல பஸ்கள் வைத்திருக்கும் முதலாளி. மற்றவர் பாலம் வரும்வரை எங்கள் ஊர்ப் பாதையை இழுத்தவர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். பாலம் வந்தபிறகு அவர் கடன்பட்டுப் பழைய பஸ் ஒன்று வாங்கி, இரண்டு வருடமாகக் கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். இருபத்துநான்கு வருடம் பாதை நடத்தியதற்குப் பிரதேச சபை கொடுத்த கடிதத்தை விண்ணப்பத்தோடு இணைத்திருந்தார். விண்ணப்பங்களைப் பார்க்கும் கேள்விச் சபை அவரைத் தகைமையற்றவர் என்று நீக்கியது. மிதவை இழுத்ததெல்லாம் அனுபவத்தில் சேராது என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் அந்த அறையில்தான் குறிப்பெடுத்துக்கொண்டு இருந்தேன். நான் சிரித்தேனா என்று இன்றைக்கும் சரியாக ஞாபகமில்லை.

மூன்று கிழமையில் மேல் நீதிமன்றத்திலிருந்து மனுவின் பிரதி வந்தது. நானா வழக்குப் போட்டிருந்தார். பதிவு செய்யுமுன் முழுவதையும் வாசித்தேன். அதில் இரண்டு விஷயம் இருந்தது. முதலாவது, பாலம் திறந்து மூன்று வருடம்தான் ஆகிறது என்பதால் இந்தத் தரைவழியில் ஐந்து வருட அனுபவம் 'உயிருடன் இருக்கும் எவருக்கும் இருக்க முடியாது', ஆகவே நிபந்தனை நியாயமற்றது. இரண்டாவது, இந்தப் பகுதியில் பாதை என்ற சொல் மிதவையைக் குறிக்கும், அந்தப் பொருளில் மனுதாரர் ஒருவருக்கே தகைமை உண்டு.

உயிருடன் இருக்கும் எவருக்கும் என்ற இடத்தை மூன்று தரம் வாசித்தேன். சட்டத்தரணிகள் எழுதுகிற வழக்கமான வசனம்தான். ஆனாலும் விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தேன். ஐந்து வருடத்துக்கு முன் அந்தப் பாலம் இருக்கும் இடத்தில் வெறும் ஆகாயம். அந்த உயரத்தில் போய்வந்த அனுபவம் உள்ளவர் யாராவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்று நாங்கள் அரச முத்திரை வைத்துக் கேட்டிருக்கிறோம்.

பதில் சொல்ல அலுவலகத்துக்கு வழி இருந்தது. அந்த முதலாளியின் பஸ்கள் களப்பைச் சுற்றிப் போகும் நீண்ட வீதியில் இதே இரண்டு ஊர்களையும் ஏழெட்டு வருடமாக இணைத்து ஓடுகின்றன, அதையே குறித்த பாதை என்று சபை எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம். சட்ட உத்தியோகத்தரான மிஸ் அப்படித்தான் பதில் தயாரித்தார். ஒன்றுதான் உதைத்தது. பழைய பத்திரங்களில் எல்லாம் அந்த இடத்தில் 'வழி' என்று இருக்கிறது. இதில் மட்டும் 'பாதை'. மாற்றியது யார் என்று கேட்டார்.

நான் இல்லை என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன். ஊரையும் திகதியையும் தவிர நான் எதையும் தொடுவதில்லை.

அலுமாரியிலிருந்து கோப்பை எடுத்து முதல் அச்சுப் பிரதியைப் பிரித்தேன். 'வழியில்' என்ற சொல்லை நீல மையால் வெட்டி மேலே 'பாதையில்' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. 'தை'யின் கொம்பை நான் ஒரு மாதிரி வளைத்துப் போடுவேன், பள்ளிக்கூடத்திலிருந்து அந்தப் பழக்கம். கையெழுத்தைப் பார்த்தேன், எழுதிய நேரம் நினைவில் வரவில்லை. ஒரு துளி நினைவுகூட இல்லை.

தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் பச்சை நிறக் கிரேயோனில் ஒரு படம். நீண்ட பெட்டி ஒன்று. அதன் மேல் நெருக்கமாக நிற்கிற கோடுகள். எல்லாவற்றுக்கும் மேலே தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரே கோடு.

மிஸ் எட்டிப் பார்த்து, "என்ன, சீப்போ?" என்றார்.

அப்போது அந்த மத்தியானம் திரும்பி வந்தது. முன்பள்ளி மூடியிருந்த நாள். பார்க்க ஆளில்லாமல் மகளை அலுவலகத்துக்குக் கூட்டிவந்து, வீணான தாள்களைக் கொடுத்து மேசைக்குக் கீழே இருத்தியிருந்தேன். சேர் வெளியே போயிருந்தார். காற்று யன்னல் கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது. வெளியே வேலியோரம் ஒரு மான், எங்கள் நகரத்தில் மாடுகள் திரிவதைப் போல மான்கள் திரியும், அது புல் மேயாமல் அறைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றது. மகள் கீழேயிருந்து, "அம்மா, பாதை வருது" என்றாள். நான் தலை நிமிராமல், "எங்க?" என்று கேட்டேன். அவள் சுவரைக் காட்டினாள். துறைமுகத்தின் பக்கம் உள்ள சுவர்.

அவ்வளவுதான். நான் தொடர்ந்து எழுதியிருக்கிறேன்.

பாலம் திறக்கும்போது அவளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. நாங்கள் வீட்டில் அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை. நான் வேண்டுமென்றே பாவிப்பதில்லை. யாரிடம் கேட்டிருப்பாள் என்று யோசித்தேன். முன்பள்ளியில் யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பார்கள். பெட்டிக்கு மேல் நிற்கும் கோடுகளை எண்ணத் தொடங்கிப் பத்தில் நிறுத்திக்கொண்டு கோப்பை மூடினேன்.

எண்ண விரும்பாததற்குக் காரணம் உண்டு. பாதையில் ஏறும்போது நானா தலை எண்ணுவார். இறங்கும்போது ஒவ்வொருவராகத் திரும்ப எண்ணுவார். எனக்கு ஒன்பது வயதில் ஒரு நாள், நல்ல பனி, நடுக் களப்பில் கம்பி இறுகிக் கனநேரம் நின்றுவிட்டோம். எந்தக் கரையும் தெரியவில்லை. கரை சேர்ந்ததும் அவர் எண்ணினார். எண்ணிவிட்டு எங்களை நிற்கச் சொல்லித் திரும்ப எண்ணினார். மூன்றாம் முறையும் எண்ணிவிட்டுப் போகச் சொன்னார். பின்னால் பெரியவர்கள் கிசுகிசுத்தார்கள். ஏறியது பதினேழு, இறங்கியது பதினெட்டு என்று. நான் திரும்பிப் பாராமல் பள்ளிக்கூடம்வரை ஓடினேன். எனக்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் ஓடினார்கள், எத்தனை பேர் என்று பார்க்கவில்லை.

மிஸ் எனக்காக ஒரு சத்தியக்கடதாசி தயாரித்து வந்தார். 'உரோமன் கத்தோலிக்கரான நான் சத்தியம் செய்து கூறுவதாவது' என்று தொடங்கி, பாதை என்ற சொல்லால் தரைவழி வீதியை மட்டுமே கருதினேன் என்று முடிந்தது. அதை ஒரு சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்திட்டுக் கொடுத்தால் போதும். நானாவின் இரண்டாவது விஷயம் விழுந்துவிடும். முதலாவதைத் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் தேவை என்றார். மற்ற மதத்தவர்கள் என்றால் உறுதி கூறுவதாக எழுதுவார்கள். எங்களுக்குச் சத்தியம்.

வீட்டில் சொன்னேன். என் கணவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் இயந்திரம் பார்ப்பவர். குசினி வாசலில் நின்று கேட்டுவிட்டு, "பஸ்ஸுக்குத்தானே எழுதினீர்? பஸ் என்ன தண்ணியிலயா ஓடும்? கையெழுத்தை வைச்சிட்டு வாரும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நிரந்தரமாக்கிற நேரத்தில ஏன் வில்லங்கம்" என்று மெதுவாகச் சேர்த்தார். அவர் சொன்னதில் பிழையில்லை. பஸ்ஸைத்தான் எழுதினேன். ஆனால் பஸ்ஸை எழுதும்போது ஏன் வழியை வெட்டினேன்?

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுக்கொண்டு, முன்பு பாதை வந்து நின்ற பழைய துறைக்குப் போனேன். இடத்தைப் பார்த்தால் என்ன நினைத்து எழுதினேன் என்று ஞாபகம் வரும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் சரியான காரணமாகத் தெரியவில்லை. முன்பள்ளியிலிருந்து மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். உச்சி வெயில். பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஆடாமல் கிடந்தது. கம்பி கட்டிய இரும்புத் தூண் கறல் பிடித்து இன்னும் நின்றது. கம்பியை எப்போதோ கழற்றிவிட்டார்கள். ஆனால் உரசுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டு, இழுப்புக்கு இழுப்பு. பாலத்து இணைப்புகள் வெயிலுக்கு விரியும்போது இப்படிச் சத்தம் வரும் என்று கணவர் பிறகு விளங்கப்படுத்தினார். நான் நின்றபோது அது மேலேயிருந்து வரவில்லை, தண்ணீர் மட்டத்திலிருந்து வந்தது. மகள் இந்த முறை கை காட்டவில்லை. அக்கரையைப் பார்த்து, ஆட்கள் இறங்க இடம் விடுவதுபோல ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றாள்.

நான் அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். வீதியோரத்தில் நானா தன் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய வீடு அங்கேதான் என்பதை மறந்தவள்போல நடந்துகொண்டேன், மறக்கவில்லை. வழக்குப் போட்டவரோடு கதைப்பது உத்தியோகத்துக்கு முறையில்லை. வணக்கம் மட்டும் சொல்லிவிட்டுப் போகத்தான் நினைத்தேன்.

"கந்தோர்க்காரப் பிள்ளை என்னோட கதைக்கக் கூடாதே" என்று அவரே சிரித்தார். வழக்கைப் பற்றி அதற்குமேல் ஒரு சொல்லும் எடுக்கவில்லை. மகளின் பெயரைக் கேட்டார், எந்த ஆண்டு என்று கேட்டார். தை மாதம் பள்ளிக்கூடம் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு அவளைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

இருபது வருடம் வைத்திருந்த கேள்வியை அப்போது கேட்டேன். அந்தப் பனி நாளில் நீங்கள் எண்ணினது பிழைத்ததா என்று.

"எனக்கு எண்ணிக்கை பிழைச்சதில்ல மகள்."

"அப்ப கூடின ஆள்?"

"பிள்ளைகளோட பிள்ளையா நடந்து போச்சு." வாளித் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினார். "கூடினாப் பரவாயில்ல. குறையக் கூடாது. நான் எண்ணுறது அதுக்குத்தான்."

வீடுவரை மகள் என் தோளில் நித்திரையாகிவிட்டாள். மிதவை இழுத்ததெல்லாம் அனுபவமில்லை என்று சபையில் சொன்னது நினைவில் வந்தது. இருபத்துநான்கு வருடம் ஒரு தலை குறையாமல் அக்கரை சேர்த்ததற்கு எங்கள் பத்திரத்தில் ஒரு கட்டம் இல்லை. இதுவும் என் மனம் எனக்குச் சொல்லும் சாட்டோ என்று சந்தேகப்பட்டேன். அவருக்கு உதவ வேண்டும் என்பதற்காக நினைவை வளைக்கிறேனா? வேலைக்குப் பயந்து மற்றப் பக்கம் வளைக்கிறேனா? அன்று மாலை செபமாலையை எடுத்து வைத்துக்கொண்டு எந்தக் காரணிக்கத்தில், எந்தப் பத்து மணியில் நிற்கிறேன் என்று தெரியாமல் இரண்டு தரம் முதலிலிருந்து தொடங்கினேன். சத்தியம் என்று எழுதினால் தெரிந்ததை மட்டும்தான் எழுதலாம். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்.

வெள்ளிக்கிழமை காலையில் மிஸ்ஸின் பிரதியைத் தள்ளி வைத்துவிட்டு அந்தக் கொஞ்சத்தையே தட்டச்சுச் செய்தேன். வழி என்ற சொல்லை வெட்டிப் பாதை என்று மாற்றியது நான்தான். எங்கள் ஊரில் பாதை என்றால் மிதவையும் ஆகும், அது எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். மாற்றும்போது எதை நினைத்தேன் என்று என்னால் சத்தியம் செய்ய ஏலாது. மகளையும் மானையும் எழுதவில்லை. அது யாருக்குத் தேவை.

சமாதான நீதவான் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்தார். "இது ஆருக்குச் சார்பான கடதாசி?" என்று கேட்டார். நான் அடையாள அட்டையை நீட்டினேன். முத்திரையைக் குத்தினார்.

மிஸ் கோபிக்கவில்லை. "ஒரு வரி எழுதியிருந்தால் முடிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னார். ஆனால் அவர் அதை மறைக்கவுமில்லை. பதிலோடு சேர்த்தே நீதிமன்றத்துக்கு அனுப்பினார்.

வழக்குத் தவணை நாளில் நீதிமன்றத்தின் கடைசி வாங்கில் இருந்தேன். நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொன்ன மொழிபெயர்ப்பாளர் மலைநாட்டுக்காரர், எங்கள் பேச்சு அவருக்குப் பழக்கமில்லை. மனுதாரரின் சட்டத்தரணி பாதை என்று சொல்லும்போதெல்லாம் அவர் வீதி என்றே மொழிபெயர்த்தார். மூன்றாம் முறை மன்றில் இருந்த ஊர்ச் சனம் சிரித்தது. சட்டத்தரணி திரும்பி நின்று, பாதை வீதியில் ஓடாது ஐயா, வீதிதான் பாதையில் ஏறி அக்கரைக்குப் போகும் என்றார். மொழிபெயர்ப்பாளர் பாவம், வியர்வையைத் துடைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்துச் சட்டத்தரணி என் சத்தியக்கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் மிஸ்ஸோடு குசுகுசுத்துவிட்டு எழுந்தார். நிபந்தனையை நீக்கி, புதிதாகக் கேள்வி கோருவதாகத் திணைக்களம் உறுதியளிக்கிறது என்றார். மனு அத்துடன் முடிவுக்கு வந்தது. நானா எழுந்து நின்றபடி மன்றில் இருந்தவர்களை ஒரு தரம் விரலால் எண்ணினாரோ என்று எனக்குத் தோன்றியது. கைக்குட்டையைத் தேடியிருக்கலாம்.

புதிய பத்திரத்தை வேறொருவர் தட்டச்சுச் செய்தார். 'தரைவழியிலோ நீர்வழியிலோ பயணிகளைப் பாதுகாப்பாக ஏற்றியிறக்கிய அனுபவம்' என்று இருந்தது. என்னைக் கடிதப் பதிவுக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. நிரந்தர நியமனம் இன்னும் வரவில்லை, அது வழக்கமான தாமதமாகவும் இருக்கலாம்.

கேள்வி நானாவுக்குக் கிடைத்தது. தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கிய நாள் நல்ல பனி. பஸ் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்தது. மகளை ஏற்றிவிட்டுப் படியில் நின்றேன். நான் சத்தியக்கடதாசியில் வேறு விதமாக எழுதியிருந்தால் அவள் இந்த பஸ்ஸில் ஏறியிருக்க மாட்டாள். அதை நினைத்தபோது அவளைத் திரும்ப இறக்கிக்கொள்ளலாமா என்று ஒரு கணம் கை எழுந்தது. நானா இருக்கையை விட்டு எழுந்து வந்து பிள்ளைகளின் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு பஸ் பாலத்தில் ஏறியது. நடுப் பாலத்துக்குப் போனதும் பனிக்குள் மறைந்துவிட்டது.

பின்னேரம் அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். நானா பாலத்துக்கு இந்தப் பக்கம் எண்ணினவராம், இருபத்தொன்று. இறங்கும்போது அந்தப் பக்கம் எண்ணினவராம், இருபத்திரண்டு.

சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆர் அது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

"குறையேல்லைத்தானே?" என்றேன்.

"இல்லை" என்றாள்.